பாக்கெட்டில் சொல்லப்படாத பாஸ்பேட்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் தலைமைச் செயல் அலுவலர்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் பாஸ்பேட் உப்பு, அதாவது பாஸ்பரஸ் அடங்கிய சேர்பொருள், சேர்த்திருந்தால் அதை எல்லோருக்கும் புரியும் சொல்லில் எழுத வேண்டும். அந்த உணவில் மொத்தப் பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்பதை ஊட்டச்சத்து அட்டவணையில் அச்சிட வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயமாக்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லித் தருவது என் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு வேண்டிய தகவல் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

மாதம் ஒருமுறை எங்கள் பிரிவில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும். டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய பாஸ்பரஸ், பலருக்கு 7 என்றும் 8 என்றும் வந்திருக்கும். அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். முழங்கைக்குக் கீழே நகம் பட்ட கோடுகள், காய்ந்த ரத்தப் பொட்டுகள். பாஸ்பரஸ் ஏறினால் உடம்பு அரிக்கும். இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்துவிட்டு, காலையில் ஊசி குத்திக்கொள்ள வருகிறார்கள். பாலை நிறுத்திவிட்டேன், கறியைக் குறைத்துவிட்டேன், பருப்புத் தண்ணீரைக்கூட வடித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், பிறகு எப்படி ஏறியது என்று கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அரிப்பு வெளியில் தெரிகிற பாதிப்பு. உள்ளே நடப்பது அதைவிட மோசம். நல்ல சிறுநீரகம், உணவில் வரும் மிகுதிப் பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளிவிடும். சிறுநீரகம் நலிந்தால் அந்தப் பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்கத் தொடங்குகிறது. அதை வெளியேற்றச் சொல்லி எலும்பிலிருந்து எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனும், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியிலிருந்து இன்னொரு ஹார்மோனும் சுரந்துகொண்டே இருக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைக்கிறது. எஃப்.ஜி.எஃப்.-23 இதயத்தின் இடது கீழறைச் சுவரைத் தடிக்க வைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பாகப் படிகின்றன. டயாலிசிஸ் நோயாளிகளில் மிகப் பலர் இறப்பது இதய நோயால்தான். இந்த ஹார்மோன் மாற்றங்கள் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுவதற்கு வெகு முன்பே, நோயாளிக்குத் தன் சிறுநீரகம் கெட்டிருப்பதே தெரியாத கட்டத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன.

பாஸ்பரஸ் எல்லா உணவிலும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு மாறுகிறது. பயறு, பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதுமான அளவு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. இறைச்சி, பால், முட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புக்கு இப்படி எந்தக் கட்டும் கிடையாது. நீரில் கரைந்த நிலையில் குடலுக்கு வரும் அதில் 90 விழுக்காடும் அதற்கு மேலும் ரத்தத்துக்குப் போய்விடும். ஒரு கிண்ணம் சாம்பாரைப் பார்த்து அஞ்சுகிற என் நோயாளி, இதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று அவருக்குச் சொல்வார் யாருமில்லை.

இந்த உப்புகளை எதற்குச் சேர்க்கிறார்கள் என்பது உங்கள் அறிவியல் குழுவுக்கு நன்றாகவே தெரியும். கோலா பானத்தில் புளிப்புக்காகப் பாஸ்பாரிக் அமிலம், உணவுச் சேர்பொருள்களுக்கான பன்னாட்டு வரிசையில் எண் 338. பதப்படுத்திய சீஸ் உருகும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க 339, 452 என்ற எண்ணுள்ள பாஸ்பேட்டுகள். உடனடி நூடுல்ஸில் 451. உறைய வைத்த கோழி உருண்டையிலும் இறாலிலும் தண்ணீர் வடிந்து எடை குறையாமல் இருக்க 450, 451. டீ, காபி இயந்திரங்களில் போடும் பால் கலந்த பொடிகளில் பல 340 கொண்டவை. அது பொட்டாசியம் பாஸ்பேட். எங்கள் நோயாளிக்குப் பாஸ்பரஸோடு பொட்டாசியமும் சேர்ந்து இரட்டைக் கேடு. கேக், பிஸ்கெட் வகைகளில் மாவு உப்புவதற்கு 450 அல்லது 341. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாவில் பாஸ்பேட் கிடையாது. பேக்கிங் பவுடர் வேறு. அதில் சோடாவோடு வினை புரிவதற்கான அமில உப்பாகப் பெரும்பாலும் பாஸ்பேட்டையே கலக்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஆப்பத்தை விட்டுவிட்டு, பேக்கரி கேக்கைத் தின்பவர்கள் உண்டு. சோடாவில் சோடியம் இருப்பதால் அதிலும் அளவு வேண்டும் என்று சொல்கிறேன். ஆனால் பாஸ்பரஸ் கணக்கில் அந்த ஆப்பம் நிரபராதி.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ரொட்டிப் பாக்கெட், ரஸ்க், பிஸ்கெட், பாலில் கலக்கிக் குடிக்கும் சத்துபானப் பொடி ஆகியவற்றை அன்போடு வாங்கி வருகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் அவை அடுக்கப்பட்டிருக்கும். டயாலிசிஸ் முடிந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தவர் முதலில் பிரிப்பது அந்த மேசையில் இருக்கும் பாக்கெட்டைத்தான்.

ஒருமுறை நோயாளிகளின் வீட்டாரிடம், வீட்டில் இருக்கும் பாக்கெட் உறைகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். ஒரு அம்மா மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக்கூடியவர். கைப்பேசி விளக்கை அடித்து, உறையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளிப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. அரிசியில் பாதி உயரம்கூட இல்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்துப் படித்துச் சொன்னது "நிலைப்படுத்தி" என்பதற்கான ஆங்கிலச் சொல்லும், அடைப்புக்குள் ஒரு மூன்றிலக்க எண்ணும். இதில் பாஸ்பரஸ் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்த எண்தான் பாஸ்பரஸ் என்றேன். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த உறையிலும் இல்லை. அதன் கீழே ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் அளவோடு அச்சிடப்பட்டிருந்தன.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறை விதிகளின்படி, சேர்பொருளின் வகைப்பெயரை எழுதி, அடுத்து அதன் பெயரையோ பன்னாட்டு எண்ணையோ போட்டால் போதும். பாஸ்பரஸ் அளவு கட்டாயப் பட்டியலில் இல்லை. விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும். பிற மொழிகளில் எழுதத் தடை இல்லை, அவ்வளவுதான். 100 சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள சிறிய பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலே தேவையில்லை. அவற்றை மொத்தமாக அடைத்த பெரிய உறையில் இருந்தால் போதும். அந்தப் பெரிய உறையைக் கடைக்காரர் காலையில் பிரித்துக் குப்பையில் போட்டுவிடுவார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டுகளை வாங்குகிறவர்கள்தான் எங்கள் இலவச டயாலிசிஸ் பிரிவுக்கு வருகிறார்கள். அதாவது, மிகக் குறைந்த காசுக்கு வாங்குகிறவருக்கு மிகக் குறைந்த தகவல்.

எச்சரிக்கை எழுதச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைச் சேர்த்த பொருளில், பீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்று எழுதியாக வேண்டும். அது பிறவியிலேயே வரும் அரிய வளர்சிதை மாற்றக் குறைபாடு. அந்தக் குழந்தைகளுக்காக அந்த வரியை எழுத வைத்தது மிகச் சரியான காரியம். அதே நியாயம்தானே சிறுநீரக நோயாளிக்கும்? இந்த நாட்டில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பதைப் பார்த்தாலே, சிறுநீரகம் பழுதாகி நிற்பவர்களின் கூட்டம் எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம். டயாலிசிஸுக்காக 2016-இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்கிறார்கள். அரசு ஒரு கையால் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொடுக்கிறது. அந்த ரத்தத்தில் என்ன போய்ச் சேர்கிறது என்பதைப் பாக்கெட்டில் எழுதவும் அதே அரசுதான் ஆணையிட வேண்டும்.

லேபிளில் எழுதினால் மட்டும் பயன் இருக்குமா என்று கேட்பவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் 279 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்தியது. 2009-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு கூடுதலாக ஒன்றே ஒன்று: கடையில் வாங்கும்போதும் துரித உணவகத்துக்குப் போகும்போதும் பாஸ்பேட் சேர்த்த உணவைக் கண்டுபிடித்துத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தக் குழுவின் பாஸ்பரஸ் மற்றதைவிட டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது. புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை. பட்டியலைப் படிக்கத் தெரிந்ததால் வந்த பலன் அது. அதே மாகாணத்தில் கடைகளில் அதிகம் விற்கும் பொருள்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கணக்குப்படி, 44 விழுக்காட்டுப் பொருள்களில் பாஸ்பேட் சேர்க்கப்பட்டிருந்தது. நம் கடைகளுக்கு இப்படி ஒரு கணக்கு எடுக்க உங்கள் ஆய்வகங்களால் முடியும். எடுங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் பாஸ்பேட்டுகளை மறு ஆய்வு செய்து, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. பாஸ்பரஸ் என்று நாள் வரம்பு வகுத்தது. 1982-இல் உலக அளவிலான நிபுணர் குழு வைத்த வரம்பு 70. ஐரோப்பியக் குழு இன்னும் இரண்டைச் சொன்னது. சிறுநீரகச் செயல்பாடு ஓரளவுக்கு மேல் குறைந்தவர்களுக்கு இந்த 40-ம் பொருந்தாது. ஐரோப்பாவில் கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் சராசரி உணவிலேயே இந்த வரம்பைத் தாண்டக்கூடும். 60 கிலோ எடையுள்ள நல்ல உடம்புக்காரருக்கு இந்த வரம்பு 2,400 மி.கி. ஆகிறது. என் நோயாளிக்கு நான் வழக்கமாக விதிப்பது 800 முதல் 1,000 மி.கி. நல்ல உடம்புக்காரருக்காக வகுத்த வரம்புக்குள் ஒரு தயாரிப்பு இருக்கிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் என் நோயாளிக்கு எந்த ஆறுதலும் இல்லை.

டயாலிசிஸ்தான் இருக்கிறதே, அது வெளியேற்றிவிடாதா? நான்கு மணி நேர டயாலிசிஸ் ஏறக்குறைய 800 மி.கி. பாஸ்பரஸை எடுக்கும், ஆளுக்கு ஆள் இது மாறும். வாரம் மூன்று முறை செய்தால் 2,400. எங்களிடம் வருகிறவர்களில் பலர் பேருந்துச் செலவுக்கும் கூலி போவதற்கும் பயந்து இரண்டு முறைதான் வருகிறார்கள், அவர்களுக்கு 1,600. கட்டுப்பாடாக நாளுக்கு 900 மி.கி. உண்டு, அதில் 60 விழுக்காடே உடம்பில் ஏறினாலும் வாரத்துக்கு 3,700-ஐத் தாண்டுகிறது. மிச்சத்தைப் பிடிக்கத்தான் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் மாத்திரைகள். கால்சியம் வகை மலிவு, ஆனால் கால்சியமே குழாய்களில் படியும் ஆபத்து. செவலமர் வகை விலை அதிகம், வயிற்றையும் கட்டிவிடும். ஒவ்வொரு வேளையும் மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று அந்தச் சாப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நிறுவனங்கள் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். இது உலகெங்கும் அனுமதிக்கப்பட்ட பொருள் என்பார்கள். நான் தடை கேட்கவில்லை. ஒரு டம்ளர் பாலில் இருப்பதைவிடக் கோலாவில் பாஸ்பரஸ் குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் பாலில் இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியும், அளந்து குடிக்கிறார். அளவிடச் செலவாகும் என்பார்கள். பாஸ்பரஸை அளப்பது ஆய்வகங்களுக்குப் பழகிப்போன வேலை. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் முருங்கைக்கீரைக்கும் கேழ்வரகுக்கும்கூடப் பாஸ்பரஸ் அளவு இருக்கிறது. வயலில் விளைந்ததற்கு அளவு தெரிகிறது. தொழிற்சாலையில் எடை போட்டுக் கொட்டியதற்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே பாஸ்பரஸ் அளவு கட்டாயமில்லை என்பதையும் காட்டுவார்கள். அதுவும் உண்மை. அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நோய் இல்லாதவர்களைப் பற்றி அளந்தே பேச விரும்புகிறேன். உணவில் சேர்க்கும் பாஸ்பேட் நல்ல சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று உறுதியாகச் சொல்லும் சான்று இன்னும் இல்லை. நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் கோலா குடிப்பவர்களுக்குச் சிறுநீரக நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2007-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மற்றக் குளிர்பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை நிறுவுவது வேறு. மிகப் பெரிய அளவில் பாஸ்பேட் உள்ளே போனால் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் சோடியம் பாஸ்பேட் மருந்தால் சிறுநீரகம் பழுதானதைக் கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கடுமையான எச்சரிக்கை விதித்தது. அந்த அளவு உணவில் வராது. இருந்தாலும், தனக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலேயே நடமாடும் லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர்கள் தங்களை நலமானவர்களாகவே நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். எனக்குப் பெருங்கவலை அவர்களைப் பற்றித்தான். டயாலிசிஸுக்கு வந்துவிட்டவருக்கு நானாவது இருக்கிறேன்.

இதைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும் என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 செப்டம்பரில் நட்சத்திரக் குறியீட்டு வரைவை வெளியிட்டீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட்டுக் காலக்கெடு விதித்தது. அந்த விவாதம் முழுவதும் சர்க்கரை, உப்பு, கொழுப்பைச் சுற்றியே நடக்கிறது. நல்லதுதான். எப்படியும் லேபிளைத் திருத்தப்போகிறீர்கள். புதிய அச்சுக்கு நிறுவனங்கள் எப்படியும் செலவு செய்யப்போகின்றன. அதே திருத்தத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

நான் எதிர்பார்ப்பது இவ்வளவே. 338 முதல் 341 வரை, 343, 450 முதல் 452 வரையுள்ள எண்களில் எது சேர்ந்திருந்தாலும், "பாஸ்பேட் சேர்க்கப்பட்டது; சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு உண்ணவும்" என்று ஒரு வரி, அந்தப் பொருள் விற்கும் மாநிலத்தின் மொழியிலும், கண்ணுக்குத் தெரியும் அளவிலும் இருக்க வேண்டும். சோடியத்துக்குப் பக்கத்திலேயே பாஸ்பரஸுக்கும் ஒரு வரிசை வேண்டும். பொட்டாசியத்துக்கும் வைத்தால் இரட்டை நன்மை. சின்னப் பாக்கெட்டுக்குச் சேர்மானப் பட்டியலில் விலக்கு இருந்தாலும் இந்த ஒரு வரிக்கு விலக்குக் கூடாது.

உங்கள் அறிவியல் குழுவில் சிறுநீரக மருத்துவர் ஒருவரையும், டயாலிசிஸ் நோயாளி ஒருவரையும் அழைத்துக் கேளுங்கள். விதி வகுப்பதற்கு முன் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்பது உங்கள் நடைமுறை. அந்த வரைவைத் தமிழிலும் வெளியிட்டால், எங்கள் பிரிவில் இருப்பவர்கள் தாங்களே தங்கள் கையால் பதில் எழுதுவார்கள். ஊசி குத்தாத கை ஒன்று அவர்களுக்கு எப்போதும் சும்மாதான் இருக்கிறது. எழுதுவதற்கு நான்கு மணி நேரமும் இருக்கிறது.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றும் உணவியல் ஆலோசகர்,
தமிழ்நாடு.

நகல்: ஆணையர், உணவுப் பாதுகாப்புத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.